துக்கம் கேட்காமல் கல்யாணத்துக்குப் போனவள்

அக்கா மகள் மாலினிக்கு மலேசியாவில், கிள்ளானில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய காகிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் மேளச் சத்தத்தோடு திறந்து, பூ உதிர்ந்து, கடைசியில் ‘வருகிறேன்’, ‘வர இயலவில்லை’ என்று இரண்டு பொத்தான்களைக் காட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் என் விரல் மூன்று நாள் நின்றது.

காரணம் இருக்கிறது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஊரடங்கு நேரத்தில் தவறிப்போனார். விமானம் ஓடாத நேரம். முசிறியில் எங்கள் மாவுக் கடையிலிருந்து போனில்தான் அந்தச் சாவைப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு முதலில் நேரில் போய்த் துக்கம் கேட்க வேண்டும், கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதைச் செய்யாமல் அந்த வீட்டு நல்ல காரியத்தில் போய் நிற்கக் கூடாது. போனில் பார்த்தால் கேட்டதாகுமா, ஆகாதா? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், நான் பார்த்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். அழுத அழுகையில் போன் கைநழுவி, கிரைண்டர் பக்கத்து மேடையில் மல்லாந்து கிடந்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு மருமகள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அத்தை, இவ்வளவு நேரமும் அவங்களுக்கு நம்ம ஃபேன்தான் தெரிஞ்சிருக்கு.”

அக்காவுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். அவள் வாழ்க்கையிலேயே மோசமான நாளில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் போனில் பேசுவது சுருங்கிப்போனது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டா. அந்த நாளைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மனசில் வைத்திருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நாள் பார்த்தேன். ஞாயிறு கல்யாணம். சனிக்கிழமை காலையில் பந்தக்கால். அதை ஊன்றிவிட்டால் அந்த வீட்டில் கண்ணீர் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை துக்கம் கேட்க ஆகாத நாள். வியாழக்கிழமை காலையில் நான் போய் இறங்குகிறேன். அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அக்கா வாசலில் அழுதுவிட வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். ‘வருகிறேன்’ பொத்தானை அழுத்தினேன்.

விமான நிலையத்தில் விரல் ரேகை கேட்டார்கள். இருபது வருஷம் மாவு வழித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் மூன்று தடவை சிவப்பு காட்டியது. அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள், முசிறி முழுக்கச் சிரிக்கும் என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. முக்காடு போட்டிருந்த அந்த அதிகாரிப் பெண் எழுந்து வந்தாள். ஈரத் தாளால் என் விரலைத் துடைத்து, தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினாள். பச்சை விழுந்தது. “ஓகே, மக்சிக்,” என்றாள். மக்சிக் என்றால் அத்தை என்கிற மாதிரி என்று அக்கா மகன் தினேஷ் வெளியே வந்ததும் சொன்னான். எங்கள் ஊரில் ரேகை விழவில்லையென்றால் “நாளைக்கு வாம்மா” என்பதோடு சரி.

தினேஷ் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான். அன்றைக்குக் காரில் வந்திருந்தான். “பசியாறிட்டுப் போவோம் சின்னம்மா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல பிளவுஸ் வாங்க வேண்டியதும் இருக்கு,” என்றான். பிளவுஸ் வாங்கி முடிக்கவே மதியமாகிவிட்டது. எனக்குச் சாப்பாட்டில் மனசில்லை. ஆனாலும் இலையைப் போட்டதும் உட்கார்ந்துவிட்டேன். மேசையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் போனில் காட்டினால் சாப்பாட்டுப் பட்டியல் வருமாம். தினேஷ் போனை எடுக்கும் முன்பே பரிமாறுகிற அம்மா வந்து நின்றார்.

“அத வுடு தம்பி. போன்ல எல்லாப் படமும் ஒரே மாரிதான் பளபளன்னு இருக்கும். அக்கா, பாவக்கா இன்னிக்கி நல்லாருக்கு. மீனு நேத்து மீனு, வேணாம் லா.”

“மொதலாளி காதுல வுழப் போவுது ஆன்டி,” என்றான் தினேஷ்.

“வுழட்டுமே. அவருக்கும் நாந்தான சொல்றேன் எத சாப்புடணும்னு.”

பாகற்காய் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மொறுமொறுவென்று வறுத்து, கசப்பே இல்லாமல். இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன். கைகழுவும்போதுதான் ஞாபகம் வந்தது, துக்கம் கேட்கப் போகிறவள் இப்படியா சாப்பிடுவாள் என்று.

காருக்குத் திரும்பும்போது தினேஷுக்குப் போன் வந்தது. நீலாயில் ஒரு லோடு நிற்கிறது, ஓட்ட வேண்டியவர் வரவில்லை, உடனே வா என்று. நீலாய் ஒரு பக்கம், கிள்ளான் வேறு பக்கம். “போவாட்டி ஞாயித்துக்கெழம லீவு குடுக்க மாட்டாங்க சின்னம்மா,” என்று கையைப் பிசைந்தான். ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். ஒரு சீட்டில் அவன் நம்பரை எழுதிக் கொடுத்தான். “கிள்ளான்னு எழுதியிருக்கும், எறங்கிடுங்க. பெட்டியெல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்.” என் போனுக்கு இந்த ஊர் சிம் வாங்க வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

நான் ஆறாவதோடு நின்றவள். மலாய்க்காரர்கள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பலகை நகர்ந்துவிடுகிறது. “கிள்ளான்?” என்று ஒருவரிடம் கேட்டேன், அவர் தலையாட்டினார், ஏறிவிட்டேன். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி, இருக்கையெல்லாம் இளஞ்சிவப்பு, ஐஸ் மாதிரிக் குளிர். உட்கார்ந்ததும் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். வாசலில் என்ன சொல்லி எடுப்பது? ‘மாமா’ என்று எடுப்பதா, ‘அக்கா’ என்று எடுப்பதா? அவள் கையை உதறிவிட்டால்? ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதா’ என்று கேட்டுவிட்டால்?

ஐம்பது நிமிஷம் இப்படியே போயிருக்கும். எதிரில் நர்ஸ் உடுப்பு போட்ட ஒரு தமிழ்ப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்டி, எங்க எறங்கணும்?”

“கிள்ளான்மா.”

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஐயோ ஆன்டி, இது மேல போற டிரெய்ன். கிள்ளான் அந்தக் கடைசி. இப்ப ரவாங் வந்துருச்சி!”

மணி மூன்றரைக்கு மேல். அவள் என்னைக் கைப்பிடித்து இறக்கினாள், சீட்டை வாங்கி தினேஷுக்கு அடித்தாள், அவன் வண்டி ஓட்டுகிறான் போல, எடுக்கவில்லை. “இருங்க, ஒரு படம் எடுத்து அனுப்பிடறேன். எந்த டிரெய்ன்ல வர்றீங்கன்னும் போட்டுடறேன். பயப்படாதீங்க லா.” நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் படம் எடுத்துவிட்டாள். அடுத்த ரயில் தாமதம். வேலைக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, என்னை ஏற்றிவிடும்வரை அவள் நகரவில்லை. பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டியதும் ஒரு ஆன்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க மாலினி கல்யாணத்துக்கு வந்தவங்கதான? எங்க ஏரியா குரூப்ல தினேஷ் தம்பி படம் போட்டிருந்திச்சி. ‘எங்க சின்னம்மாவக் காணம், பாத்தா சொல்லுங்க’ன்னு. நானும் உங்கக்கா இருக்கற பண்டமாரான்தான். கிள்ளான் வந்ததும் சொல்றேன், நீங்க செத்த கண்ண மூடுங்க.”

எந்நேரமும் போனையே பார்க்கிறார்கள் என்று என் மருமகளை நான் ஏசாத நாளில்லை. வழிதப்பிய ஒருத்தியை முன்பின் தெரியாத பெண் படம் பிடித்து, அது ஊர் முழுக்கப் போய், ஓடுகிற ரயிலில் என்னைத் தேடி ஒரு ஆள் வந்து உட்காருகிறது! ஒரு நிமிஷம் என் பயமே மறந்துபோனது.

கிள்ளானில் இறங்கியபோது வானம் சிவந்துவிட்டது. படிக்கட்டடியில் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்து வருகிறவர்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். “முசிறி சின்னம்மா! வாய மூடிட்டா அடையாளமே தெரில உங்கள!” படத்தைக் காட்டினாள். வாயைப் பிளந்துகொண்டு, கண் பிதுங்கி, நான். அவள் பேர் புனிதா. அக்கா வீட்டுத் தெருதான், ஒரு கிடங்கில் கிளார்க். “பண்டமாரான்ல ‘லிங்க் அக்கா’ன்னு கேளுங்க, சின்னப் புள்ளகூடக் காட்டும்,” என்றாள். என்ன லிங்க் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. “விளக்கு வச்சிருப்பாங்களாம்மா?” என்றுதான் வழி நெடுகக் கேட்டேன்.

வைத்திருந்தார்கள். விளக்கு என்ன, வாசல் இரும்புக் கதவு முழுக்கச் சீரியல் பல்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். தலை பாதிக்குமேல் வெளுத்திருந்தது.

“வா,” என்றாள். “கால் கழுவிட்டு உள்ள வா.”

துக்கம் கேட்க வருகிறவர்களை யாரும் ‘வா’ என்று கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரு சொல்லில் நான் கல்யாண விருந்தாளி ஆகிவிட்டேன். நாலு வருஷம் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு கால் கழுவப் போனேன். நீ கேட்க வேண்டாம், உன் துக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்கிறாளா? இல்லை, வெறுமே வா என்றாளா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் பொட்டலத்தில் வந்தன. நம் பரோட்டாவின் பணக்காரத் தம்பி மாதிரி, எண்ணெய் மினுங்க. அக்கா எனக்குப் பிய்த்து வைத்தாள். மாமா படம் கூடத்தில் மாலையோடு இருந்தது. அதன் பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவேன், வெள்ளிக்கிழமை.

பத்து மணிக்குப் புனிதா ஒரு பை நிறைய ஒயரும் தாங்கியும் கொண்டு வந்து கூடத்தில் பரப்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை. மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் எல்லாரும் அவள் அனுப்புகிற லிங்க் வழியாக வருவார்கள்.

“நேர்ல வர்றவங்களுக்கு வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கிறோம்ல சின்னம்மா? லிங்க்ல வர்றவங்களுக்கும் ஒரு ஆள் வாசல்ல நிக்கணும். இல்லாட்டி அவங்க திருடன் மாரி எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க. பேரச் சொல்லிக் கூப்புடணும், சாப்டீங்களான்னு கேக்கணும், பொண்ணுகிட்ட கூட்டிட்டுப் போவணும்.”

“சம்பளம் உண்டாம்மா?”

“ஒரு லட்டுப் பொட்டலம் வூட்டுக்குக் கொண்டுபோவ தாப்பாவ் பண்ணிக் குடுத்துருவாங்க,” என்று சிரித்தாள். “சாவு வீட்ல அதுவும் கெடையாது.”

எப்போதிலிருந்து இதைச் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

“இந்த வீட்லேர்ந்துதான். மாமா சாவுக்கு போனப் பிடிச்சிட்டு நின்னது நாந்தான். முப்பது பேரு லிங்க்ல. எல்லா மைக்கையும் அமத்திட்டேன். ஒரே ஒரு ஃபேன் மட்டும்... ஆளத் தெரியல, ஆனா சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சி. மொதல்ல எப்பிடி அமத்தறதுன்னு தெரில. அப்பறம் தெரிஞ்சிச்சி. ஆனா அமத்த மனசு வரல.” என்னை உற்றுப் பார்த்தாள். “சின்னம்மா... நீங்கதான் அந்த ஃபேனா?”

கேட்டிருக்கிறதா? அத்தனையும் கேட்டிருக்கிறதா? அன்றைக்கு நான் என்ன சொல்லி அழுதேன்? யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மாமாவை ஏசியது ஞாபகம் வந்தது. செத்த மனுஷனை, அவர் வீட்டிலேயே, பெண்டாட்டி பிள்ளைகள் எதிரில்! ஃபேனைக் காட்டியது குற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்திருக்கிறது. புனிதாவிடம் மேற்கொண்டு கேட்கத் தைரியம் இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அவளப் போட்டு என்னா பயமுறுத்தற?” என்றாள்.

சனிக்கிழமை பந்தக்கால் ஊன்றினார்கள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்து, முதல் ஆளாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூங்கிலுக்கு மஞ்சள் பூசும்போது, “தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பூசு, பத்தாது!” என்று தமிழில் எனக்கு உத்தரவு போட்டார். அவர் உட்பட எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. “ரவாங் போன சின்னம்மா” என்பதே எனக்குப் பேராகிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அக்கா என்னோடு தனியாக இருக்கும் நேரம் வந்தால் மட்டும் எழுந்து ஏதாவது வேலை தேடிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வீடியோக்காரர்கள் நாலு பேர் மணமேடையை மறைத்து நிற்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தாலும் பெரிய திரையில்தான் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கவும் ஆளுக்கொரு போன் குறுக்கே நீளும். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே புனிதாவின் மேசை. மணமேடையைப் பார்த்தபடி ஒரு டிவி, அதில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். “வாங்க பந்திங் பெரியம்மா, ஆஸ்பத்திரியில கஞ்சி குடுத்தாங்களா? வாங்க ரவி அண்ணே, ஷிப்ட்டு முடிஞ்சிச்சா, இன்னும் கேன்டீன்லதானா?” என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த பந்திங் பெரியம்மா பட்டுச் சேலையைப் போர்வைமேல் விரித்துப் போட்டிருந்தார். ஒரு வாண்டு வந்து டிவி மேலேயே பன்னீரை வீசியது. “டே! கரண்ட்டு! பெரியம்மாவுக்கு ஷாக் அடிச்சிரப் போவுது!” என்று புனிதா கத்த, கட்டத்துக்குள்ளிருந்து பெரியம்மா, “அடிக்கட்டும், மணக்குது,” என்றார். மண்டப வாசலே சிரித்தது. என் வீட்டுக்காரரும் மருமகளும் ஒரு கட்டத்தில் இருந்தார்கள். போன் நேராக நின்றது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

முகூர்த்தம் நெருங்கியதும் புனிதா மைக்கை வாங்கினாள். “வந்தவங்க எல்லாம் போன உள்ள வைங்க. நீங்க கண்ணாலப் பாருங்க. வர முடியாதவங்களுக்கு நான் காட்டறேன்.” முந்நூறு பேர் இருந்த மண்டபம். முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனால் வைத்தார்கள். ஒரே ஒரு கேமரா ஓரமாக நின்றது. கெட்டிமேளத்தில் மாலினியின் கழுத்தையும், அவள் அப்பா இல்லாத இடத்தில் நின்ற தினேஷின் முகத்தையும் நான் நேராகப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் நான் கண்ணால் முழுசாகப் பார்த்த தாலிகட்டு அதுதான். பிறகு டிவியில் ஒவ்வொரு கட்டமாகப் பேச விட்டாள், ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலிருந்து அட்சதை போட்டார்கள்.

சாயங்காலம் மாலினியை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தோம். தினேஷுக்கு லீவு முடிந்து ராத்திரி லோடு. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். எழுந்து போக எனக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. அக்கா மாமா படத்துக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“புனிதா சொன்னா. நீ ரெண்டு நாளா என்கிட்ட ஒளிஞ்சிட்டுத் திரியறன்னு.”

“அக்கா, நான் அன்னைக்கு மாமாவ...”

“ஏசுன,” என்றாள். “‘கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயி எங்கக்காவ ஒத்தையில விட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா’ன்னு கேட்ட. செத்துக் கெடக்கறவரப் பாத்து!” அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“அன்னிக்கி பத்து பேருக்கு மேல உள்ள வுடல. முகக்கவசம் போட்டுத் தள்ளித் தள்ளி நின்னாங்க. யாரும் யாரையும் தொடல. எனக்கு அழுகையே வரல. நம்ம வூடு மாரியே இல்ல. அப்பதான் நீ ஆரம்பிச்ச. நான் அவரக் கேக்கணும்னு நெனச்சத நீ கேட்டுட்ட. அப்பறம்தான் நான் அழுதேன். துக்கம் அன்னிக்கே கேட்டாச்சு. அதான் ‘வா’ன்னு கூப்ட்டேன்.”

“அப்புறம் ஏன்க்கா போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கற?”

“என்னா பேசறது? தெனமும் மொகத்த நேரா வச்சிக்கிட்டு சாப்ட்டியா, சாப்ட்டேன், நல்லாருக்கேன். அலுத்துப் போச்சி லா.” நீட்டிய காலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: “அன்னிக்கி ஒன் அழுகை மட்டுமா வந்துச்சி? கிரைண்டர் ஓடுது. ஒம்மருமவ பாத்திரத்தப் போடறா. வாசல்ல எவனோ ஒரு கிலோ மாவு கேக்கறான். ஒரு வீடே வந்துச்சி. தினேஷ் எந்நேரமும் லோரியில. இனிமே இங்க நான் மட்டுந்தான். அடிச்சா, போன அங்க ஓரமா வச்சிட்டு ஒன் வேலையப் பாரு. பேச வேணாம்.”

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாண வீடு, அழக் கூடாதுதான். கொஞ்சம் அழுதோம்.

இப்போது அவளுக்குக் காலை ஏழு, எனக்கு நாலரை. கடையைத் திறந்ததும் அடித்துவிட்டு, போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் அவள் துணி மடிப்பாள், காய் நறுக்குவாள், சும்மா இருப்பாள். நேற்று உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாக அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாளா, கோபமா, இல்லை மயங்கி விழுந்துவிட்டாளா என்று எனக்கு வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனேன்.

“தண்ணி பத்தலடி,” என்றாள் அக்கா. “கிரைண்டர் மொனகுது.”